கையாள் ஏற்றிய விலை: சீனப் பழம்பொருள் இணைய ஏலங்களில் போலிக் கேட்பைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீல வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று. அடியில் சீனப் பேரரசர் குவாங்சூவின் ஆட்சி முத்திரை. இணைய ஏலத்தில் வேறொருவர் கேட்டிருந்த அதிகபட்சம் 180 டாலர். என்னுடைய உச்சவரம்பாக 620-ஐப் பதிந்துவிட்டுத் தூங்கப் போனேன் (அந்த எல்லைக்குள், அடுத்தவரை ஒரு படி முந்தத் தேவையான அளவு மட்டும் தளமே எனக்காகத் தானாக ஏற்றிக் கேட்கும்). இரவோடு இரவாக ஒரு புதுக் கணக்கு வந்து 200, 260, 340, 420, 500, 600 என்று படிப்படியாக ஏறியது. 640 போட்டு என்னைத் தாண்டியதும் அதோடு நின்றுவிட்டது. கிண்ணம் 630-க்கு முடிந்தது. இரண்டு நாள் கழித்து விற்பவரிடமிருந்து செய்தி: "எடுத்தவர் பணம் கட்டவில்லை. நீங்கள் கேட்ட 620-க்கே தருகிறேன்."

பணம் அனுப்பக் கை போய்விட்டது. அப்புறம்தான் பழைய கேட்புகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். அந்தப் புதுக் கணக்கு இல்லாதிருந்தால், 180-க்கு மேல் ஒரே ஒரு படி ஏறி, 182.50 டாலரில் கிண்ணம் எனக்கு வந்திருக்கும். விற்பவர் இப்போது கேட்பது 437.50 கூடுதல். அது கையாள்தான் என்று என்னால் நிரூபிக்க முடியுமா? முடியாது. ஆனால் அந்த 620-ஐக் கொடுக்க வேண்டிய அவசியமும் எனக்கில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த நிலையிலிருந்துதான் எழுதப்படுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, போலிக் கேட்பு என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் அனேகமாகக் கிடைக்காது. ஆனால் அடுத்தவர் போடும் எண் நம் விலையைத் தீர்மானிக்காதபடி பார்த்துக்கொள்ள நம்மால் முடியும்.

முதல் படி: எதற்காக ஏற்றுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

விற்பவரோ அவருடைய கூட்டாளியோ வாங்கும் எண்ணமே இல்லாமல் விலை கேட்பதுதான் போலிக் கேட்பு. சீனத்தில் இப்படி நடிக்கும் ஆளைத் 'துவோ' என்கிறார்கள். உள்ளங்கையில் ஏந்தித் தூக்கிப் பிடிப்பது என்பது அந்த எழுத்தின் பொருள். செயலுக்குப் பொருத்தமான பெயர்தான்.

நோக்கம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நிஜமாக வாங்க வந்தவரை அவருடைய உச்சவரம்பு வரை தள்ளுவது எல்லோருக்கும் தெரிந்த வகை. பொருள் அடிமாட்டு விலைக்குப் போய்விடாமல் விற்பவரே ஆள் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது வகைதான் சீனப் பழம்பொருள் சந்தையில் மிக ஆபத்தானது என்று நினைக்கிறேன்: யாரும் வாங்காத பொருளுக்கு ஒரு விலைப் பதிவை உண்டாக்குவது. 'இதே போன்ற ஜாடி போன வருடம் 40,000 டாலருக்குப் போனது' என்று பின்னர் காட்டுவதற்காகவே நடக்கும் விற்பனை அது.

சீனப் பொருள்களில் இது ஏன் இவ்வளவு எளிதாக எடுபடுகிறது? முத்திரை காலத்தை உறுதிப்படுத்துவதில்லை என்பதுதான் காரணம். செங்ஹுவா பேரரசரின் (1465–1487) முத்திரையை, இருநூறு ஆண்டு கழித்துக் காங்ஷி காலத்துக் (1662–1722) குயவர்கள் முன்னோர் மீதுள்ள மரியாதையால் தங்கள் பீங்கானில் எழுதினார்கள். அதே முத்திரையை இருபதாம் நூற்றாண்டிலும் எழுதினார்கள். ஜிங்டெஜென் நகரப் பட்டறைகளில் இன்றைக்கும் எழுதுகிறார்கள். படத்தில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கிண்ணங்களில் ஒன்றுக்கு 50 டாலரும் மற்றொன்றுக்கு 50,000 டாலரும் நியாயமான விலையாக இருக்கலாம். இந்தக் குழப்பத்தில் இருப்பவர் இயல்பாகவே, 'மற்றவர்கள் இவ்வளவு கேட்கிறார்களே, அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும்' என்று நினைக்கிறார். அந்த இடத்தில் போலிக் கேட்பு, போலி நிபுணர் கருத்தாகவும் வேலை செய்துவிடுகிறது.

விலை எதையும் நிரூபிக்காது என்பதற்கு 2011 ஜனவரியில் பெய்ஜிங்கில் நடந்த ஒரு விற்பனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழைய ஹான் அரச காலத்தது என்ற பெயரில் ஜேட் கல்லாலான ஒப்பனை மேசையும் முக்காலியும் 22 கோடி யுவானுக்குப் போயின. ஹான் காலத்து மக்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள். முக்காலி அவர்களுக்கு எதற்கு? ஜியாங்சு மாகாணத்தின் பீசோ ஊர்க் கைவினைஞர்கள், அது 2010-ல் தங்கள் ஊரில் செய்யப்பட்டது என்று பின்னர் சொன்னார்கள்.

இரண்டாம் படி: விலையை மறைத்துக்கொண்டு பொருளைப் பாருங்கள்

ஏலப் பக்கத்தைத் திறந்ததும் நடப்பு விலையையும் கேட்புகளின் எண்ணிக்கையையும் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் அந்த எண் மனதில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கவே முடியாது. படங்களை மட்டும் தனியாகச் சேமித்து, அடிவளையம், மெருகுப் பூச்சு, தேய்மானம், முத்திரையின் கையெழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். இது அசலாக இருந்தால் எவ்வளவு, பிற்கால நகலாக இருந்தால் எவ்வளவு, உங்களுக்கு எந்த அளவு நம்பிக்கை என்று எழுதிவையுங்கள். அதிலிருந்து ஒரே ஓர் உச்சவரம்பைத் தேதியோடு குறியுங்கள். பிறகுதான் கேட்புப் பட்டியலுக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: விற்பவரின் பழைய ஏலங்களைத் தோண்டுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஓர் ஏலத்தை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. அதே விற்பவரின் ஆறு மாத ஏலங்களைப் பார்த்தால் நிறையத் தெரியும். லைவ்ஆக்‌ஷனியர்ஸ், இன்வேல்யுயபிள், தி சேல்ரூம் போன்ற தளங்களில் முடிந்த ஏலங்களைத் தேடிப் பார்க்கலாம்.

முக்கியமாகத் தேட வேண்டியது, 'விற்றுவிட்ட' பொருள் மறுபடி வருகிறதா என்பதை. பீங்கானில் இதற்கு ஒரு வசதி உண்டு. சூளையில் வெந்த ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கைரேகை போலத் தனி அடையாளங்கள் இருக்கும். அடிவளையத்தில் ஒட்டிய மணல், மெருகில் விழுந்த ஊசித்துளை, இரும்புக் கறை, நீல வண்ணம் திட்டாகக் கறுத்த இடம், முத்திரையில் ஒரு கோடு சற்று வழுக்கிய விதம். வடிவமும் ஓவியமும் ஒத்துப்போவது போதாது, ஏனென்றால் அவை ஜோடியாகவும் டஜனாகவும் செய்யப்பட்டவை. இந்தக் குறைகளில் மூன்று ஒரே இடத்தில் பொருந்தினால் அதே பொருள் என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடும்போது, முழு ஜாடியோடு நிறுத்தாமல் அடிப்பகுதிப் படத்தையும் தனியாகத் தேடுங்கள். விற்பவர்கள் முகப்புப் படத்தை மாற்றிவிட்டு, அடிப்பகுதிப் படத்தைப் பழையதையே போட்டுவிடுவார்கள்.

ஒருமுறை திரும்பி வருவது குற்றமில்லை. எடுத்தவர் பணம் கட்டாமல் போவது இந்தச் சந்தையில் உண்மையாகவே நடக்கிறது. 2009 பிப்ரவரியில் பாரிஸில், பெய்ஜிங்கின் பழைய கோடை அரண்மனையிலிருந்து போன எலித் தலை, முயல் தலை வெண்கலச் சிற்பங்களை, கட்டணத்தோடு 3 கோடி யூரோவுக்கு மேல் வரும் விலைக்குக் கேட்டு எடுத்த சீனர் ட்சாய் மிங்சாவ், அவை கொள்ளையடிக்கப்பட்டவை என்பதால் பணம் கட்டப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். 2010 நவம்பரில் லண்டனின் ரைஸ்லிப் பகுதியில் சியென்லோங் பேரரசர் காலத்து ஜாடி ஒன்றுக்கு 4.3 கோடி பவுண்டில் சுத்தியல் விழுந்து ஏலம் முடிந்தது. அந்தப் பணமும் வரவில்லை. கடைசியில் 2013-ல் அது வேறொரு நிறுவனம் வழியாகத் தனிப்பட்ட விற்பனையில்தான் கைமாறியது. ஆகவே 'விற்றது' என்ற சொல்லை, பணம் கைமாறியது என்று எப்போதும் படிக்காதீர்கள். ஆனால் ஒரே விற்பவரிடம் ஐந்து பொருள்கள், எட்டுப் பொருள்கள் என்று திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு கதை.

அடுத்து, சரக்கின் தன்மை. ஒவ்வொரு மாதமும் சில நூறு லாட்டுகள் (ஏலத்துக்கு வரும் பொருள்கள்), எல்லாவற்றிலும் பேரரசர் முத்திரை, எல்லாமே 'பழைய குடும்பச் சேகரிப்பு', தொடக்க விலை நூறு டாலர் என்றால் நிதானமாக யோசியுங்கள். அரண்மனைப் பீங்கான் அப்படிக் கொட்டிக் கிடப்பதில்லை. சீனாவின் இன்றைய விதிகளின்படி 1911-க்கு முந்தைய கலைப்பொருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்பப் பொதுவாக அனுமதி கிடையாது. அதனால் எப்போது, யார் வழியாக வெளியே வந்தது என்ற பூர்வீகம் ஒவ்வொரு நல்ல பொருளுக்கும் இருந்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். பதிலில் ஆண்டோ ரசீதோ இல்லாமல் உணர்ச்சி மட்டும் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கேட்புப் பட்டியலை வாசிப்பது

ஈபேயில் ஏலம் கேட்பவரின் முழுப் பெயர் தெரியாது. ஓரிரு எழுத்துகளும் நட்சத்திரக் குறிகளும், மற்ற பயனர்கள் தந்த மதிப்பெண்ணும் மட்டும் தெரியும். ஆனால் கேட்புகளின் எண்ணிக்கையை அழுத்தினால் வரலாறு திறக்கும். அதில் ஒவ்வொருவருக்கும் 30 நாள் சுருக்கம் இருக்கும். எத்தனை பொருள்களுக்குக் கேட்டார், அதில் இந்த விற்பவரிடம் எத்தனை சதவீதம், எத்தனை கேட்புகளைத் திரும்பப் பெற்றார் என்ற மூன்றும்தான் நமக்கு முக்கியம்.

இதே விற்பவரிடம் நூறு சதவீதம், பல பொருள்கள், ஆனால் ஒன்றையும் ஜெயிக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை இதைவிட வலுவான அறிகுறி கிடையாது. இதற்கு அடுத்ததாக நான் வைப்பது, உச்சவரம்பைத் தேடும் கேட்பு. என் கிண்ணத்தில் நடந்தது அதுதான். சிறு சிறு படியாக ஏறுவார், உங்கள் மறைந்திருக்கும் எல்லையை முட்டியதும் நின்றுவிடுவார். சிலர் தாண்டிப் போனதும் 'தவறுதலாகப் போட்டேன்' என்று கேட்பைத் திரும்பப் பெறுவார்கள். உங்கள் எல்லை இப்போது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கணக்கு அந்த எல்லைக்குச் சரியாக ஒரு படி கீழே வந்து நிற்கும்.

நேரலை ஏலங்களில் இந்தச் சுருக்கம் கிடைக்காது. அங்கே பார்க்க வேண்டியது, ஒவ்வொரு கேட்பும் இணையத்திலிருந்து வந்ததா, அரங்கிலிருந்து வந்ததா என்ற குறிப்பை. அரங்கே இல்லாமல் ஓர் அறையில் கேமரா வைத்து நடத்தும் ஏலத்தில் 'அரங்கிலிருந்து' கேட்பு வந்துகொண்டே இருந்தால், அது தொலைபேசியா, முன்கூட்டிக் கொடுத்த கேட்பா, வேறு எதுவுமா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம். இன்னொன்று: விற்பவருக்கு ரகசியக் குறைந்தபட்ச விலை, அதாவது ரிசர்வ், இருக்கும்போது அது வரும் வரை ஏலம் விடுபவரே விற்பவர் சார்பில் ஏற்றிக்கொண்டு போவது பல இடங்களில் வழக்கம். நிபந்தனைகளில் எழுதியிருந்தால் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டமும் அதை அனுமதிக்கிறது. எனக்குப் பிடிக்காத வழக்கம்தான், ஆனால் அதை மோசடி என்று சொல்ல முடியாது. ரிசர்வைத் தாண்டிய பிறகும் ஆளில்லாத கேட்பு தொடர்ந்தால்தான் பிரச்சினை.

ஐந்தாம் படி: நல்லெண்ண விளக்கங்களை நேர்மையாக யோசியுங்கள்

நாம் தோற்றுப்போன ஏலமெல்லாம் மோசடி என்று நினைக்கும் பழக்கம் நமக்கெல்லாம் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் இந்தப் படி.

ஏல நிறுவனம் மதிப்பிட்ட விலையைவிடப் பல மடங்கு போவது தன்னளவில் அறிகுறியே அல்ல. 2022 அக்டோபரில் பிரான்ஸின் ஃபோன்டேன்ப்ளோவில் 2,000 யூரோ வரை மதிப்பிடப்பட்ட ஒரு நீல வெள்ளை ஜாடி 77 லட்சம் யூரோவுக்குச் சுத்தியல் விழுந்தது. நிபுணர் அதை இருபதாம் நூற்றாண்டு என்றார். வாங்க வந்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு என்று நம்பிப் போட்டியிட்டார்கள். இரண்டு பேர் உண்மையாக ஆசைப்பட்டால் விலை இப்படித்தான் பறக்கும்.

புதுக் கணக்கு, பயனர் மதிப்பெண் பூஜ்யம் என்பதும் தனியாக எதையும் சொல்லாது. சீனாவிலிருந்து வாங்குபவர்கள் பலர் முகவர்கள் வழியாகக் கேட்கிறார்கள். ஒரே முகவர் பத்து வாடிக்கையாளருக்காகக் கேட்டால் ஒரே கணக்கு எல்லா லாட்டிலும் தென்படும். சிறுபடியாக ஏறுபவர், தானியங்கிக் கேட்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத புதியவராகவும் இருக்கலாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஓர் அறிகுறி என்றால் விட்டுவிடுவேன், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று அறிகுறிகள் சேர்ந்தால் அந்த விற்பவரிடம் அதற்கு மேல் கேட்பதில்லை.

ஆறாம் படி: உச்சவரம்பை எப்படிக் கணக்கிட்டு, எப்போது போடுவது

ஏல நிறுவனங்களில் சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. வாங்குவோர் கட்டணம் 25 சதவீதம், இணையத் தளக் கட்டணம் 5 சதவீதம் என்று வைத்தால், 1,000 டாலருக்கு விழுந்த பொருளுக்கு 1,300 கட்ட வேண்டும். அதற்கு மேல் அனுப்பும் செலவும் இறக்குமதி வரியும். பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். மொத்தமாக 800-தான் செலவழிக்கலாம், அனுப்ப 100 ஆகும் என்றால் மிச்சம் 700. அதை 1.30-ஆல் வகுத்தால் 538. அதுதான் உங்கள் கேட்பு. போலிக் கேட்பு ஒவ்வொரு நூறு டாலர் ஏறும்போதும் உங்கள் பையிலிருந்து 130 போகிறது என்பதையும் இந்தக் கணக்கு காட்டும்.

உச்சவரம்பை நாள் கணக்கில் முன்னதாகப் பதிந்துவைக்காதீர்கள். மறைந்திருக்கும் எல்லையைத் தட்டித் தட்டிப் பார்க்கக் கையாளுக்குத் தேவையானது நேரம். கடைசி பத்து வினாடியில் ஒரே முறை போட்டால் அவருக்கு அந்த நேரம் இருக்காது. நேரலை ஏலத்திலும் அப்படியே. முன்கூட்டிக் கொடுக்கும் கேட்பை ஏலம் விடுபவர் பார்க்க முடிகிற தளங்கள் உண்டு, அதனால் முடிந்தவரை அந்த நேரத்தில் நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். கடைசி நிமிடக் கேட்பு வந்தால் நேரத்தை நீட்டிக்கும் தளங்களில் இந்த உத்தி பலிக்காது. அங்கே உங்களைக் காப்பாற்றுவது தாளில் எழுதிவைத்த எண் மட்டும்தான்.

எடுத்தவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறேன் என்று 'இரண்டாம் வாய்ப்பு'ச் செய்தி வந்தால் பேனாவை எடுங்கள். சந்தேகத்துக்குரிய கணக்கின் எல்லாக் கேட்புகளையும் அடித்துவிட்டு, மிச்சமிருப்பவர்களை வைத்து விலை எங்கே நின்றிருக்கும் என்று கணக்கிடுங்கள். பொருள் உண்மையாகவே வேண்டுமென்றால் அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். நான் 182.50 என்று பதில் எழுதினேன். மறுமொழி வரவில்லை.

ஏழாம் படி: சந்தேகம் வலுத்துவிட்டால்

முதலில் கேட்பதை நிறுத்துங்கள், பிறகு சேமியுங்கள். கேட்பு வரலாறு, 30 நாள் சுருக்கம், பொருள் விவரணை, எல்லாப் படங்கள், விற்பவரின் செய்திகள், விற்பனை நிபந்தனைகள் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துவிடுங்கள். பக்கங்கள் எப்போது மறையும் என்று சொல்ல முடியாது. பொதுவெளியில் 'திருடன்' என்று எழுதாதீர்கள். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு உங்களையே வழக்கில் மாட்டிவிடும். தளத்தின் புகார்ப் படிவத்தில், கண்டதை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: இந்தக் கணக்கு, இந்த லாட்டுகள், இந்த நேரங்கள், ஜெயித்தது எதுவுமில்லை. ஈபே போலிக் கேட்பை வெளிப்படையாகத் தடை செய்கிறது. பெயருக்குப் பின்னாலிருக்கும் முகவரியையும் இணைய இணைப்பையும் பார்க்கக்கூடியது தளம் மட்டும்தான். ஆகவே புகார் வீண் என்று விட்டுவிட வேண்டாம்.

நீங்களே ஜெயித்துவிட்டீர்கள், அப்புறம்தான் சந்தேகம் வந்தது என்றால் கொஞ்சம் சிக்கல். சும்மா பணம் கட்டாமல் இருந்துவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று விற்பனை நிபந்தனைகளில் பாருங்கள். பிரிட்டனின் 1979 பொருள் விற்பனைச் சட்டம், விற்பவர் தானும் கேட்பதாக முன்கூட்டி அறிவிக்காமல் கேட்டால், வாங்கியவர் அதை மோசடி விற்பனையாகக் கருதலாம் என்கிறது. அமெரிக்காவின் சீர்மை வணிகச் சட்டத்தொகுப்பில் (UCC) 2-328-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம், அல்லது நல்லெண்ணத்தில் வந்த கடைசிக் கேட்பின் விலைக்கே பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2016 ஆகஸ்டில், ஈபேயில் தன் காருக்குத் தானே இன்னொரு கணக்கில் கேட்டவரின் கேட்புகள் செல்லாது என்று தள்ளியது. அவரோடு போட்டியிட்டுக் கேட்டவருக்கு 1.50 யூரோவிலேயே ஒப்பந்தம் உண்டானதாகத் தீர்ப்பானது. 1997-இல் நடைமுறைக்கு வந்த சீன ஏலச் சட்டம், பொருளைக் கொடுத்தவர் தானோ ஆள் வைத்தோ கேட்கக் கூடாது என்று 30-ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 61-ஆம் பிரிவு, அசல்தான் என்று உறுதி தர முடியாது என ஏலத்துக்கு முன்பே அறிவித்துவிட்ட நிறுவனத்துக்குப் பொறுப்பிலிருந்து விலக்கு தருகிறது. அங்கே வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் குற்றம் சாட்டாமல் மூன்றே கேள்வி போதும். இந்த லாட்டுக்கு ரிசர்வ் இருந்ததா? விற்பவர் சார்பாகவோ நிறுவனம் சார்பாகவோ எந்தக் கேட்பாவது வந்ததா? எனக்கு அடுத்தபடியாகக் கேட்டவர் உண்மையான, பதிவு செய்த வாடிக்கையாளரா? எழுத்தில் பதில் வரட்டும். தொகை பெரிதென்றால், பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பணம் கட்டத்தான் வேண்டும் என்றால் கடன் அட்டையில் கட்டுங்கள். வங்கிப் பரிமாற்றத்தைவிட அதில் பணத்தைத் திரும்பக் கோரும் வழி அதிகம்.

பொருளை விட்டுவிட்டாலும் கோப்பை மூடாதீர்கள். அடிப்பகுதிப் படத்தை வைத்து மாதம் ஒருமுறை தேடுங்கள். என் கிண்ணம் ஐந்து வாரம் கழித்து வந்தது. வேறு தலைப்பு, வேறு பின்னணித் துணி, ஆனால் அடிவளையத்தில் அதே இரும்புக் கறை, முத்திரையின் கடைசி எழுத்தில் அதே வழுக்கல். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு, தளத்துக்கு மறுபடி எழுதினேன்.